பேஜார் கச்சேரியும் பட்டாணிச் சுண்டலும்

இந்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நின்று குதித்தே தீருவது என்று முடிவு செய்தேன். வயது நாற்பத்தாறு. முழங்கால் சம்மதிக்கவில்லை. அதை யார் கேட்டது?

ஆறு மாதமாக எனக்குப் பங்க் ராக் இசைப் பித்து. 'பேஜார்' என்று ஒரு குழு. நான் குமாஸ்தாவாக இருக்கும் காட்டாங்குளத்தூர் கல்லூரியின் மாணவர்கள்தான். "தண்ணி லாரி வரல! வரல! வரல!" என்று இரண்டு நிமிடம் கத்துவார்கள், பாட்டு முடிந்துவிடும். மொட்டை மாடியில் ஒளிந்து ஹெட்போனில் கேட்டுக் கேட்டு, உட்கார்ந்தால் கால் ஆடியது; நின்றால் தலை ஆடியது.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நிதி திரட்ட, பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் நாலு மணிக்கு வாசிக்கிறார்கள். அண்டர்கிரவுண்ட் இசை என்றால் நிஜமாகவே அண்டர்கிரவுண்ட்!

மனைவி புஷ்பலதாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஆபீஸ்ல ஆடிட், புஷ்பா."

"ஞாயித்துக்கிழமையா?"

"அவசர ஆடிட்."

"கறுப்பு டி-ஷர்ட்லயா?"

"இங்க் கொட்டினா தெரியாது பாரு."

"சரி, போயிட்டு வாங்க. வழியில பெருங்களத்தூர் மண்டபத்துல ஏதோ தர்ம நிகழ்ச்சியாம். நம்ம மகளிர் குழு சார்புல சுண்டல். இந்தத் தூக்கை வாசல்ல ஜெபராஜ்னு ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க."

கடவுளே வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டர் பறந்தது.

வாசலில் ஜெபராஜ் கைகூப்பினார். "சுண்டல் சாரா? உங்களுக்காகத்தான் காத்துக்கினு கீறோம். இதான் உங்க ஸ்டால்."

"என் ஸ்டாலா? நான் குடுத்துட்டுப் போக வந்தேன்."

"மேடம் போன்ல சொல்ட்டாங்க சார். கடைசி வரிக்கும் நீங்களே நின்னு போட்டுக் குடுப்பீங்களாமே! பெரிய மனசு சார்!"

கையில் கரண்டியைத் திணித்துவிட்டுப் போனார். கீழே டிரம்ஸ் அதிர ஆரம்பித்தது. என் கால் அதிர்ந்தது. கரண்டி அதிர்ந்தது. சுண்டல் பாதி தட்டிலும் பாதி தரையிலும் விழுந்தது. தூக்கு காலியானால் ஓடிவிடலாம் என்று ஆளுக்கு மூன்று கரண்டி அள்ளிப் போட்டேன். காலியாகும் நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு அண்டா சுண்டல் இறங்கியது. பிறகு கறுப்புச் சுடிதாரில் புஷ்பலதா.

"நீயா?"

"மெல்லப் பேசுங்க. நீங்க ஆடிட்ல இருக்கீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் பாத்ரூம்ல 'தண்ணி லாரி வரல'ன்னு கத்தினா, தாம்பரத்துக்கே தெரியும். உங்க போன்ல நானும் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. கூப்பிட்டிருந்தா சேர்ந்தே வந்திருப்போம்ல?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இப்ப சேர்ந்து போலாமே" என்றேன்.

"அண்டாவை யார் பாத்துக்கறது?" படியிறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு மணி நேரம் வாசலில் தவித்தேன். கடைசியில் தலை கலைந்து, தொண்டை கட்டி, முகமெல்லாம் வெளிச்சமாக அவள் ஏறி வந்தாள். கூடவே பேஜாரின் பாடகன் பிரணவ்! அவனுக்கு ஒரு தட்டுச் சுண்டல் நீட்டினேன்.

"அங்கிள், பங்க் கேப்பீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பலதா சொன்னாள்:

"அவருக்குச் சத்தமே ஆகாதுப்பா."

"அச்சச்சோ!" என்றான் பிரணவ். "கவலைப்படாதீங்க அங்கிள், அடுத்த மாசம் உங்க ஸ்டாலை இன்னும் தள்ளி ரோட்டோரமா போட்டுடறோம்."