தாலுகா ஆபீஸ் கனாக்காரர்

தாலுகா ஆபீஸ் படி ஏறுகிற எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். பட்டா வேண்டும், சான்று வேண்டும், குறைந்தபட்சம் பங்காளி மேல் ஒரு புகாராவது கொடுக்க வேண்டும். "நீங்கள் என்ன கனவு கண்டீர்கள்?" என்று விசாரிப்பதற்காகப் படி ஏறியவர் உலக வரலாற்றிலேயே ஒருவர்தான். உத்திரமேரூர் அவரைக் கனாக்காரர் என்று கூப்பிட்டது. நிஜப் பெயரை நான் மூன்று பதிவேடுகளில் மூன்று விதமாக எழுதினேன். மூன்றும் தப்பு என்பதை, தப்பு தன்னுடையது போலக் குனிந்து மன்னிப்புக் கேட்டபடி அவரே தெரிவித்தார்.

எழுபதுகளின் கடைசி. கனாக்காரர் ஜப்பான் நாட்டுப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் படிக்க வந்தவர். செமஸ்டர் என்ற சொல்லையே நான் அப்போதுதான் கேட்டேன். அவர்கள் ஒரு பிள்ளையை இங்கே அனுப்புவார்களாம், நாம் ஒன்றை அங்கே அனுப்புவோமாம். ரேஷனில் அரிசி இல்லாதபோது கோதுமை போடுவது மாதிரி என்று விளங்கிக்கொண்டேன். அவர் எடுத்துக்கொண்ட பொருள், நெல் விளைகிற ஊர்க்காரர்களின் கனவுகள். மார்கழிக்குள் அவற்றைத் திரட்டிக் கட்டுரையாகக் கொடுத்தால் செமஸ்டர் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும், படிப்பை விட்டு ஊரில் அப்பாவின் குடைக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

பல்கலைக்கழகத்தின் கடிதம் தாசில்தாருக்கு வந்தது. அவர் ஓரத்தில் 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதித் துணைத் தாசில்தாரான என்னிடம் தள்ளினார். கனவின் மீது எடுக்கத்தக்க நடவடிக்கை எந்தக் கையேட்டிலும் இல்லை. வெளிநாட்டார் வருகைப் படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் 'கனவு சேகரிப்பு' என்று எழுதிப் போலீசுக்கு அனுப்பினேன். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, இது ஏதாவது சங்கேதமா என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். 'கல்வி' என்று திருத்திக் கொடுத்தேன். ஆபீஸ் வராந்தாவில், மனு எழுதுகிறவருக்குப் பக்கத்தில், ஒரு பெஞ்சும் மேசையும் ஒதுக்கினேன். பின்னால் வந்த அத்தனை குழப்பத்துக்கும் காரணம் அந்தப் பெஞ்சு. ஒதுக்கியவன் நான்.

கனாக்காரர் கனவு கேட்கும்போது கண்களை மூடிக்கொள்வார். முதல் நாள், திருப்புலிவனத்து விவசாயி துரைக்கண்ணு பாதிக் கனவில் நிறுத்தி, அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னா தம்பி, கேட்டுக்கினு கீறியா, தூங்கிக்கினு கீறியா?"

"கண்ணைத் திறந்தால் உங்களைத்தான் பார்க்கிறேன் ஐயா. மூடினால் உங்கள் கனவைப் பார்க்கிறேன்" என்றார் கனாக்காரர், புத்தகத்தில் கற்ற தமிழில்.

துரைக்கண்ணுவின் கனவில் செத்துப்போன மாடு ஒன்று கிணற்றடியில் நின்று அவரை அண்ணே என்று கூப்பிட்டது. கனாக்காரர் எழுதி முடித்து, படித்துக் காட்டி, சம்மதத்துக்குக் கைநாட்டு வாங்கினார். அவர் படித்த இடத்தில் அது மரியாதை. தாலுகா ஆபீஸில் பெருவிரலில் மை பட்டால் அதற்குப் பெயர் மனு. விதி பாருங்கள், நாலு வருடமாகக் கிடந்த துரைக்கண்ணுவின் பட்டா மாறுதல் அடுத்த வாரமே முடிந்தது. அந்தக் கோப்பு அதற்கு முந்தைய மாதமே என் மேசையைத் தாண்டிவிட்டது என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கனாக்காரரிடம் கனவைக் கொடுத்தால் காரியம் நடக்கிறது என்று சுற்றுவட்டாரம் முழுவதும் பரவியது.

அப்புறம் வந்த கூட்டத்தைத் திருவிழாவில்கூட நான் பார்த்ததில்லை. கூரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். ஒருவர் கனவில் அம்மன் தோன்றி, தெருக்குழாயைத் தன் வீட்டு வாசலுக்கு நேராகப் போடச் சொன்னாளாம். அடுத்த வீட்டுக்காரர் கனவில் அதே அம்மன் வந்து, அவன் பேச்சை நம்பாதே என்றாளாம். சர்வே எண், உட்பிரிவு எண்ணோடு கனவு கண்டவர்களும் உண்டு. துரைக்கண்ணு இரண்டாம் முறை வந்து, கிணற்றுக் கடனைப் பற்றி ஒரு கனவு கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"சொப்பனத்துக்கு ரசீது கெடையாதா சார்?" என்று என்னைக் கேட்டார்.

கனாக்காரருக்கு ஆனந்தம். நோட்டுகள் நிரம்பின. புரட்டாசியில் அவற்றைச் சென்னைக்கு எடுத்துப்போய்ப் பேராசிரியரிடம் காட்டினார். பேராசிரியர் விவரம் தெரிந்தவர். இவை கனவுகள் அல்ல, விண்ணப்பங்கள், இவற்றை வைத்து செமஸ்டர் தர முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கனாக்காரர் திரும்பி வந்து, பெஞ்சில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றார். அவ்வளவு மரியாதையான துக்கத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

நிலைமையைச் சீர்செய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்: 'இவ்வலுவலக வராந்தாவில் பெறப்படும் கனவுகள் மீது எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படமாட்டாது.' முத்திரையும் வைத்தேன். மறுநாளே கூட்டம் காணாமல் போனது. ஐப்பசி வந்தது, மழை வந்தது, பெரிய ஏரியில் தண்ணீர் ஏறியது. கனாக்காரரின் பெஞ்சுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. விடியற்காலையில் அவரே வயல்களுக்குப் போய்க் கேட்டார். நடவடிக்கை இல்லாத விஷயத்துக்கு எதற்குக் கனவு என்று ஊர் கைவிரித்துவிட்டது. அவருடைய தமிழ் மட்டும் நன்றாக முன்னேறியது. ஒரு நாள் என்னிடம், "ஒரே பேஜாரா கீது ஐயா" என்றார்.

தூறல் விடாமல் நடவு நின்றுபோன ஒரு காலையில் பச்சையம்மா வந்தார். கூலிக்கு நாற்று நடுகிறவர். தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். மனு எழுதுகிறவரிடம் போகாமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஏரி இருக்கும் திசையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். என் ஜன்னலுக்கு நேர் கீழே அந்தப் பெஞ்சு.

"ஏரி ரொம்பிக் கீது. நான் தண்ணி மேல நின்னுக்கினு நாத்து நடறேன். முழுகல. நட்டது நட்ட எடத்துலயே நிக்குது. வரப்பே இல்ல, யாரு நெலம்னும் தெரியல. நட்டுக்கினே போறேன். முதுகு வலிக்கவே இல்ல."

கனாக்காரர் கண்ணைத் திறந்து பயத்தோடு கேட்டார், "உங்க கோரிக்கை இன்னா?"

"ஒண்ணும் இல்ல. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சி. வூட்ல சொன்னா சிரிக்கறாங்க."

கைநாட்டுக்கு மை நீட்டியபோது பச்சையம்மா வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கனாக்காரர் அந்த மைப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பச்சையம்மா நடவில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் நாலு பேர். ஒருவருக்கும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒருவர் செங்கல்பட்டு பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்க, டிரைவர் திரும்பி, எங்கே போகலாம் என்று அவரைக் கேட்டாராம். ஒருவர் கனவில் மதகைத் திறந்ததும் வயலுக்கு வெளிச்சம் பாய்ந்ததாம். எங்கள் ரெக்கார்டு கிளார்க் என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போய், கட்டுக் கட்டாகக் கோப்புகள் நாரையாகி ஏரிக்குப் பறந்ததையும், அவற்றைக் கேட்டு ஒருவரும் வராததையும் சொல்லிவிட்டு வந்தார். அந்த மாதம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே மழையும் மெதுவான குரல்களும்தான். என் மேசையில் நிலுவைக் கோப்புகள் ஏறிக்கொண்டே போயின. என் சர்வீஸில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி நடந்ததில்லை.

மார்கழியில் கடைசித் தடங்கல் வந்தது. ஒரு தடவை விண்ணப்பங்களைப் பார்த்துவிட்ட பேராசிரியர், இந்தக் கனவுகள் உண்மையானவை, ஆதாயம் எதிர்பார்த்துச் சொல்லப்பட்டவை அல்ல என்று உள்ளூரில் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் சான்று தர வேண்டும் என்றார். நாலு நாளில் கெடு. தாசில்தார் முகாம் என்று கிளம்பிவிட்டார். கனாக்காரர் நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேசைக்கு முன் நின்றார்.

நான் நடைமுறையை விளக்கினேன். சான்று என்றால் முதலில் விண்ணப்பம். பிறகு ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் அறிக்கை, ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் ஸ்தல விசாரணை, இரண்டு சாட்சிகள், கடைசியில் ஸ்தலத்தை நானே பார்வையிடுவது. பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "அப்புறம் ஐயா?" என்றார்.

ஒரு விதியை நான் சொல்லி முடித்ததும் அப்புறம் என்ன என்று ஆசையாகக் கேட்டவர்கள் அதுவரை கிடையாது.

பேனாவை எடுத்தேன். 'மேற்படி கனவுகள் மேற்படி நபர்களால் மெய்யாகவே காணப்பட்டவை என்று நேரில் விசாரித்து அறிந்ததன்பேரில் சான்றளிக்கப்படுகிறது.' கையெழுத்து, தேதி, முத்திரை. ஸ்தலத்தைப் பார்க்காமல் நான் கொடுத்த சான்று அது ஒன்றுதான். இன்று கேட்டாலும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

செமஸ்டர் சேர்ந்துவிட்டது என்று தை மாதம் ஒரு அட்டை வந்தது. என் பெயரை அவர் தப்பில்லாமல் எழுதியிருந்தார். ஆபீஸ் முகவரிக்கு வந்த தபால், நம்பர் போட்டுக் கோப்பில் சேர்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.