பிளைவுட் பலகையில் போட்ட படிப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், என் கணவர் டாரின் சமையலறை நடுவில் நின்று அறிவித்தார்.

"ப்ரிட்டாவோட ஹைஸ்கூல் படிப்பை இனிமே நான் பாத்துக்கறேன்."

இதற்கு முன்பு அவர் "நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது எங்கள் வீட்டு வெந்நீர் பாய்லரை. அந்த வாரம் முழுக்க நாங்கள் பக்கத்து வீட்டு கோர்டியிடம் போய்க் குளித்தோம்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டாரின் பனி வாரும் லாரி ஓட்டுகிறவர். மின்னசோட்டாவின் வடக்கு மூலையில் அது லேசான வேலை இல்லை. எந்த ரோடு முதலில், எந்த ரோடு அடுத்தது என்று படம் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். பள்ளிக்கூட பஸ் கிளம்புவதற்குள் ஒரு சந்து பாக்கி இருக்காது. படம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாய்லருக்குத்தான் படம் இல்லாமல் போய்விட்டது.

ப்ரிட்டா எங்கள் ஒரே பெண். அப்போது ஒன்பதாவது படித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த வருஷத்துப் பாடங்களைப் பிள்ளைகளே பொறுக்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலம் நாலு வருஷம், கணக்கு மூன்று வருஷம், பிறகு அறிவியல், வரலாறு, உடற்கல்வி, ஏதாவது ஒரு கலை என்று கட்டாயப் பாடங்கள் ஒரு வண்டி உண்டு. ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் போடுவார்கள். அரைக் கிரெடிட் குறைந்தால்கூடப் பன்னிரண்டாவது முடிவில் பட்டமளிப்பு மேடையேறித் தொப்பியோடு நிற்க முடியாது.

நான் அந்த மேடையை ஏறாதவள். பத்தாவது பாதியில் அம்மா படுக்கையில் விழுந்தாள்; நான் சாலையோர ஹோட்டலில் தட்டுக் கழுவப் போனேன். அதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. ஆனால் ப்ரிட்டா மேடையேற வேண்டும். அவள் எதைப் படித்தாலும் சரி, எனக்கு வேண்டியது அந்தத் தொப்பி. அதனால் யார் திட்டம் போட்டாலும் எனக்குப் பயம்தான்.

மறுநாளே டாரின் கராஜ் சுவரில் ஒரு முழு பிளைவுட் பலகையை ஆணி அடித்து மாட்டினார். அதில் வருஷங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். கட்டாயப் பாடத்துக்குச் சிவப்பு. முடித்ததற்கு வெள்ளை.

"கட்டாயப் பாடம் எல்லாம் பனி மாதிரி, ரோண்டா" என்றார். "விழ விழ வாரிடணும். விட்டுவச்சா இறுகிப்போயிடும். அப்புறம் கடப்பாரை போட்டாலும் பேராது."

பதினொன்றாவது முடிவதற்குள் எல்லாச் சிவப்பும் வெள்ளையாகிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். கோடை விடுமுறையிலும் படிப்பு. பதினொன்றாவதில் இரண்டு ஆங்கிலம் ஒரே சமயத்தில். அப்படி முடித்தால் பன்னிரண்டாவது வருஷம் முழுக்கப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் படிக்கலாம். செலவை மாநிலமே ஏற்றுக்கொள்ளும். அங்கிருந்து நேராகப் பல் டாக்டர் படிப்பு.

பல் டாக்டர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். டாரினின் கடைவாயில் ஒரு பல் நெடுநாளாகத் தொந்தரவு. டாக்டரிடம் போக ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தள்ளிப்போட ஒரு மகளைப் பல் டாக்டராக்கலாம் என்று நினைக்கிற மனிதரைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

ப்ரிட்டா வந்து பலகையைப் பார்த்தாள். உயரமான பெண். பேச்சு குறைவு. குரல் மட்டும் அப்பாவுடையது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

"முடியாதுப்பா" என்றாள்.

"ஏன் முடியாது?"

"ஒரே வருஷத்துல ரெண்டு ஆங்கிலம் யாரும் படிச்சதில்ல. லீவுல உடற்கல்வியா? யாராலயும் முடியாது."

டாரினிடம் சொல்லவே கூடாத வார்த்தை அது. முடியாது என்றால் போதும், அவருக்கு டீசல் ஊற்றின மாதிரி. சாயங்காலத்துக்குள் பலகையில் ஒரு வேதியியல் கூடியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஒரே மாதிரிதான். அவள் பெருமூச்சு விடுவாள். அவர் ஒரு சுற்று இறுக்குவார். நான் நடுவில் நின்று கத்துவேன். பெண்ணைக் கொல்கிறீர்கள், இவள் எதிலாவது தவறிவிட்டால் தொப்பியும் போச்சு, பல்லும் போச்சு என்பேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, திட்டம் என்றால் என்ன என்று எனக்கு விளக்குவார். நான் அவளுக்கு மூன்று தட்டு பிஸ்கட் சுட்டுக்கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் மூன்றையும் தின்றுவிட்டுப் பாவமாக ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு நெஞ்சு வெடிக்கும்.

பத்தாவது படிக்கும்போது குளிர்காலத்தில், ஏரி உறைந்ததும், டாரின் வழக்கம்போலத் தன் மீன் குடிலை ஐஸ் மேல் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ஒரு சின்ன அடுப்பு, நாலு ஸ்டூல், தரையில் ஓட்டை. ஓட்டைக்குள் தூண்டிலைப் போட்டுவிட்டு ஆண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குக் கோர்டியும் இருந்தான். நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷைச் சூடாகக் கொண்டுபோனேன். ப்ரிட்டாவும் கூட வந்தாள்.

"அப்பா" என்றாள், ஓட்டையைப் பார்த்தபடி. "உங்க பலகையில இருக்கிற எல்லாத்தையும் பதினொண்ணாவதுக்குள்ள முடிச்சுட்டா எனக்கு என்ன குடுப்பீங்க?"

"முடியாதுன்னு சொன்னவளாச்சே."

"முடியாதுதான். ஒருவேளை முடிச்சுட்டா?"

"என்ன வேணும், கேளு."

"பன்னிரண்டாவது வருஷம் என் இஷ்டம். பாடமெல்லாம் நானே எடுத்துக்குவேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

டாரின் சிரித்தார். எல்லாம் முடிந்த பெண் கல்லூரிக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்? பனி வாரி முடித்த ரோட்டில் வண்டி தானாக ஓடும் என்று அவருக்கு நம்பிக்கை. மீன் வழவழப்போடு கையை நீட்டினார். அவள் குலுக்கினாள்.

"நான் பாத்தேன்" என்றான் கோர்டி, வாய் நிறைய ஹாட்டிஷோடு. "குடிலுக்குள்ள குடுத்த கை."

எங்கள் ஊரில் கோர்ட்டில் சத்தியம் செய்து மாற்றிப் பேசியவர்கள் இருக்கிறார்கள். மீன் குடிலில் கை கொடுத்துவிட்டு மாற்றிப் பேசியவர் எவரும் இல்லை.

அவள் படித்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கோடையில் கொசுப் படைக்கு நடுவே உடற்கல்விக்காக ஏரியைச் சுற்றி ஓடினாள். அப்பா லாரியில் பின்னாலேயே விசில் ஊதிக்கொண்டு போனார். வேதியியல் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பா மேல் சாய்த்துவைத்துப் படித்தாள். ஒன்றிலும் தவறவில்லை. ஒவ்வொரு கட்டம் வெள்ளையாகும்போதும் டாரின் தூரிகையை நக்காத குறைதான். ஆனால் அவள் மட்டும் "முடியாதுப்பா" என்பதை விடவே இல்லை. நானும் கத்துவதை விடவில்லை.

பதினொன்றாவது தொடங்கின செப்டம்பரில் பள்ளியிலிருந்து பாட ஆலோசகர் திருமதி ஓயாலா போன் செய்தார். கலைப் பாடம் அரைக் கிரெடிட் குறைகிறது என்றார்.

டாரின் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாவதில் ப்ரிட்டா மரவேலை வகுப்பில் வாத்து செதுக்கினாள். வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிடுகிற மர வாத்து. அதைத்தான் அவர் கலை என்று எண்ணி வெள்ளையடித்திருந்தார். அது தொழிற்கல்வியில் சேரும் என்றார் திருமதி ஓயாலா. "நிஜ வாத்தே அதைப் பாத்து ஏமாந்து வந்து இறங்குது. அது கலை இல்லையா?" என்று போனில் அரை மணி நேரம் வாதாடினார். வாத்துகள் கிரெடிட் கொடுப்பதில்லை என்று பதில் வந்தது.

ஓவியம், மண்பாண்டம் எல்லாம் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது பாட்டுக் குழு ஒன்றுதான். கலையைப் பன்னிரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம், கல்லூரிக்கு நடுவே வந்து ஒரு மணி நேரம் பாடினால் போயிற்று என்றேன் நான். பெண்ணுக்கு மூச்சு விட நேரம் கிடைக்குமே என்ற நினைப்பு.

ப்ரிட்டாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம்மா. இப்பவே பாடறேன்."

குளிக்கும்போதுகூட முணுமுணுக்காத பெண். இரண்டு வருஷமாக முடியாது, முடியாது என்று அழுதவள். ஓய்வு கிடைக்கிறது என்றால் ஏன் வெளுக்கிறாள்? அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக மூக்கில் வியர்த்தது. டாரினுக்கு எதுவும் வியர்க்கவில்லை. "பாத்தியா, என் பொண்ணு" என்று வண்ண டப்பாவைத் தேடப் போய்விட்டார்.

பாட்டுக் குழுவில் அவளைப் பெண்கள் வரிசையில் நிறுத்த வழியில்லை. குரல் அப்படி. பையன்களோடு கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸ் கச்சேரியில் பருக்கள் முளைத்த எட்டுப் பையன்களுக்கு நடுவே, அவர்களைவிட ஒரு பிடி உயரமாக நின்று, தூணைப் போல ஒரு குரலில் பாடினாள். மற்ற எட்டும் அந்தத் தூணில்தான் சாய்ந்துகொண்டிருந்தன. டாரின் கைக்குட்டையை எடுத்தார். பல் வலி என்றார்.

பிப்ரவரியில் பாடப் பதிவு மாலை வந்தது. பள்ளி ஜிம்மில் பாடத்துக்கு ஒரு மேஜை போட்டு வாத்தியார்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரே வரும். டாரின் கல்யாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு நேராகக் கல்லூரி மேஜை வரிசையில் போய் நின்றார். திரும்பிப் பார்த்தால் ப்ரிட்டா இல்லை.

அவள் அந்தக் கோடியில் ஒரு மேஜை முன்னால் நின்றாள். மேஜை மேல் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று இருந்தது. வீடு கட்டும் வகுப்பு. பன்னிரண்டாவது பிள்ளைகள் தினமும் மதியம் மூன்று மணி நேரம் போய், ஒரு வருஷத்தில் அஸ்திவாரம் முதல் கூரை வரை ஒரு நிஜ வீட்டைக் கட்டி முடிப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெயரைப் பதிந்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூரையும் ஆணித் துப்பாக்கியும் கண்முன் வந்து நின்றன.

டாரின் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து கோர்டியின் குரல் வந்தது.

"குடிலுக்குள்ள குடுத்த கை, டாரின்."

வாய் மூடிக்கொண்டது. ஆனால் மகளிடம்தானே பேசக் கூடாது? திருமதி ஓயாலாவிடம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"கட்டாயப் பாடம் ஏதாவது பாக்கி இருக்குமே, நல்லா பாருங்க" என்றார். "ஒரு வரலாறு? ஒரு அரைக் கணக்கு?"

"ஒண்ணுமே இல்ல" என்றார் அந்த அம்மாள். "ஜூனோட எல்லாம் முடிஞ்சுடுது. அதனாலதான் அந்த வகுப்புல இடமே கிடைச்சது. மதியம் பூரா போயிடுறதால கட்டாயப் பாடம் பாக்கி இருக்கிறவங்களை அவங்க சேர்க்கறதில்ல. இவ ஒன்பதாவதுலயே எங்கிட்ட வந்து கேட்டா. எல்லாத்தையும் முன்னாடியே முடிக்க ஒரு திட்டம் வேணும், உன்னால தனியா போட முடியாதேன்னு சொன்னேன். அதுக்கு ஆள் இருக்குன்னா." கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையான மரியாதையோடு கேட்டார். "இவ்வளவு சுத்தமான திட்டத்தை நான் பாத்ததே இல்ல. யார் போட்டது?"

டாரின் டையைத் தளர்த்தினார். சுற்றிலும் ஊர்.

"நான்தான்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில் ப்ரிட்டா தன் கிணற்றுக் குரலில், இரண்டு வருஷமாக ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். வீடு கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரி பற்றி யோசிப்பேன் என்றாள். தொப்பி எப்படியும் உண்டும்மா என்று என் தோளைத் தட்டினாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வடக்குப் பக்கம் கூரையைச் சரிவா போடச் சொல்லு. பனி தங்காது" என்றார். அவ்வளவுதான், அந்த மனிதரின் கோபம். பல் டாக்டரிடம் மறுவாரமே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

ஆனால் பலகை காலியாகிவிட்டது. வாருவதற்கு ரோடு இல்லாத லாரி மாதிரி டாரின் கராஜில் சுற்றிச்சுற்றி வந்தார். ப்ரிட்டா அங்கே போய் அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள். பலகை முழுக்கப் புதிதாகச் சிவப்புக் கட்டம். மேலே என் பெயர்.

"பத்தாவதுல விட்ட இடத்துலேருந்து" என்றார் டாரின். "பெரியவங்களுக்கும் பள்ளியில சாயங்கால வகுப்பு இருக்காம். அடுத்த வருஷம் மேடையில ரெண்டு தொப்பி. இது என் சொந்த யோசனை, ரோண்டா."

அவர் முதுகுக்குப் பின்னால் ப்ரிட்டா ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

இந்த வயதில் கணக்கா? யார் சமைப்பது? எல்லாரும் சிரிப்பார்களே? "முடியாது" என்றேன். "என்னால முடியவே முடியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. டாரின் அதற்குள் தூரிகையை எடுத்துவிட்டார்.

முதலில் உடற்கல்வியாம்; திங்கட்கிழமை காலையிலிருந்து பனி வாரும் லாரிக்கு முன்னால் நான் ஓட வேண்டுமாம், விசில் அவரே ஊதுவாராம்.