இரும்பு மாமியாரும் இரண்டு டிவியும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பயத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் அம்மாவும் நலம். நான் மட்டும் இல்லை. நீங்கள் அங்கே நலமா என்று கேட்பதுதான் மரியாதை, கேட்டுவிட்டேன். எல்லாரும் தூங்கிய பிறகு, குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வாளியைத் திட்டவும். அப்பாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார். படித்ததும் கிழித்துவிடவும்.

மாமா, வேலை கிடைத்துப் போவதற்கு முன்னால் நம் வீட்டு முன்புறக் கடையில் நீங்கள் செய்த காரியம் ஞாபகம் இருக்கிறதா? டிவி ரிப்பேர் செய்கிறவர் வீட்டில் சொந்தமாக ஒரு டிவி கிடையாதே என்று நான் அழுதேன். அப்போது கடையில் இரண்டு டிவிகள் ஸ்பேர் பார்ட் வராமல் கிடந்தன. மருந்துக்கடைக்காரரின் பெரிய டிவியில் படம் வரும், சத்தம் வராது. தையல்காரம்மாவின் சின்ன டிவியில் சத்தம் வரும், திரை மட்டும் கரி பூசினது போல் இருக்கும். நீங்கள் பெரியதின் மேல் சின்னதைத் தூக்கி வைத்து, "ஒண்ணுக்கு வாய் இல்ல, ஒண்ணுக்குக் கண் இல்ல, ரெண்டையும் சேர்த்தா முழு ஆளு, பாரு பாப்பா"ன்னு சொன்னீங்க. பெரியதுல வெள்ளிக்கிழமை விண்வெளித் தொடர் ஆரம்பிச்சதும், சின்னதுல பட்டனை அழுத்திக்கிட்டே இருந்து, ஏதோ பேச்சுக் குரல் கேட்டவுடனே கையைத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் மாமா எனக்கு.

கறுப்பு வானத்துல ஊசி மாதிரி ஒரு கப்பல் போகும். கேப்டன் தலையில கண்ணாடிக் குடத்தைக் கவுத்துக்கிட்டு நிப்பார், உதடு சரியாத் தெரியாது, ஆனா "அம்மா, அவ சமைச்சதை ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்மா"ன்னு கெஞ்சுவார். பக்கத்துல இரும்பு மனுஷன். அதுக்கு வாயே கிடையாது, நெஞ்சுல சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். அது பொம்பளைக் குரல்ல, "இவ இந்த வீட்ல வாழ வந்தவளா, என்னை ஆள வந்தவளா?"ன்னு கேட்கும். அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, இரும்பா இருந்தாலும் அது கேப்டனோட அம்மா, மூணு கண்ணு வெச்ச பச்சைப் பொண்ணுதான் மருமக, வேற கிரகத்துக்கே போனாலும் மாமியார் கூடவே வருவாங்கன்னு. ஒரு வாரம் கப்பல் தீப்பிடிச்சு எரியுது, எல்லாரும் ஓடுறாங்க, அந்த நேரத்துல மாமியார் "சாவிக்கொத்து எங்கே?"ன்னு கேட்குறாங்க. என்ன தைரியம் பாருங்க! பச்சை மருமக அழும்போது நானும் அழுவேன். எனக்கு ரெண்டு கண்ணுதான், அதனால அவ அளவுக்கு அழ முடியாது.

இதை நான் திங்கட்கிழமைதோறும் வகுப்புல சொல்ல ஆரம்பிச்சேன். எங்க வகுப்புல பாதிப் பேர் வீட்ல டிவி இல்ல, மீதிப் பேர் வீட்ல அந்த நேரத்துக்குச் செய்திதான் ஓடும். கடைசி பெஞ்ச் ஒட்டகச்சிவிங்கி, அவதான் உயரமானவ, இப்ப இடைவேளை முழுக்க இரும்பு மாமியாரா நடக்குறா. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, அறிவியல் சார் கண்ணுல நாங்க படற வரைக்கும். "நம்ம பள்ளிக்கூடத்துல விண்வெளி ஆர்வமா!"ன்னு பூரிச்சுப் போயிட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை தொடரோட கடைசி பாகத்தை ஹால்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறாராம். அதுக்கு முன்னாடி, தலைமையாசிரியை எதிர்ல மேடையேறி, இதுவரைக்கும் நடந்த கதையை நான் சொல்லணுமாம்.

இன்னைக்குத்தான் இடி விழுந்துச்சு. பெரிய டிவிக்கு ஸ்பேர் வந்து, அப்பா சத்தத்தைச் சரி பண்ணி ஓட விட்டுப் பார்த்தாரு. கேப்டன் தொண்டை கட்டின குரல்ல, "எரிபொருள் தீரப் போகிறது"ங்குறார். இரும்பு மாமியார் ஆம்பளைக் குரல்ல, "ஆம் கேப்டன்"ங்குறாங்க! பெத்த பிள்ளையை யாராவது கேப்டன்னு கூப்பிடுவாங்களா மாமா?

"அப்பா, தப்பான சத்தத்தை மாட்டிட்டீங்க."

"என்னது?"

"இது வேற யாரோட சத்தமோ. அந்த இரும்பு, பொம்பளைப்பா."

அப்பா ஈயம் உருக்குற சால்டரிங் ராடைக் கீழே வெச்சாரு. "பால் பல்லு விழறதுக்கு முன்னாடியே ரேடியோவைப் பிரிச்சவன் நான். எனக்குச் சத்தம் மாட்டத் தெரியாதா? போய்ப் படி!"

மாமா, உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குச் சின்ன டிவியில நீங்க எந்தப் பட்டனை அழுத்தினீங்க? ரெண்டு டிவியிலயும் ரெண்டு சானலா ஓடுச்சு? அப்படின்னா மேடையில நான் எதைச் சொல்வேன்? சத்தத்தைச் சொன்னா சார் முகம் செத்துப் போயிடும், படத்தைச் சொன்னா ஒட்டகச்சிவிங்கி என்னைப் புளுகின்னு சொல்வா. அதை விடுங்க. அந்த மருமக நிஜமில்லன்னா நான் இத்தனை நாள் யாருக்காக அழுதேன்? எனக்கு ஒண்ணுமே புரியல. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சொல்லுங்க. அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க.

உங்க அறையில கூட இருக்குற அண்ணனுக்கு என் வணக்கம். ஆசீர்வாதத்தைத் தபால்லயே அனுப்பிடுங்க, நேர்ல வர்ற வரைக்கும் தாங்காது.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா

பின்குறிப்பு: விடிஞ்சிடுச்சு மாமா. கடிதத்தைச் சின்ன டிவிக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். டிவி ரிப்பேர்க்காரர் வீட்ல டிவிக்கு அடியில ஒளிச்ச என் அறிவை என்னன்னு சொல்றது! அப்பா முழுசாப் படிச்சிட்டாரு. அடிக்கல. "இதுல விண்வெளி எங்கம்மா வந்துச்சு?"ன்னு கேட்டாரு. அவரு இத்தனை வாரமும் மேஜையில குனிஞ்ச தலை நிமிராம காதால மட்டும் கேட்டிருக்காரு. அம்மாவும் அடுப்படியிலிருந்து அப்படியேதான். "பாவம், அந்த மருமகளுக்குச் சாவிக்கொத்து கிடைச்சுதா இல்லையா?"ன்னு ரெண்டு பேரும் என்னையே கேட்குறாங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு டிவியையும் வண்டியில ஏத்திப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டு வரப் போறாராம். சார் படம் பார்க்கட்டும், மத்தவங்க கதை கேட்கட்டுமாம். இதுவரைக்கும் எழுதினதெல்லாம் வெறும் பயம் மாமா. இப்ப வந்திருக்கிறதுதான் நிஜமான ஆபத்து. நீங்க வராதீங்க. இல்ல, வாங்க.

மாப்பிள்ளை, இது நான். தபால்தலை நானே ஒட்டிட்டேன். தையல்காரம்மா டிவிக்கும் ஸ்பேர் வந்தாச்சு. வரலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். யாராவது கேட்டா நீயும் அதையே சொல்லு.