புவனா அக்காவுக்குத் தொண்ணூற்றெட்டு

மனித வாழ்வை அளந்து முடித்துவிட்டோம் என்பதை இவ்வையகத்துக்கு அறிவிப்பதில் பெருமிதம் கொள்கிறேன். இடம்: கோயமுத்தூர். ஆண்டு: 1996. கருவிகள்: ஐம்பது கேள்விகள் அடங்கிய நீலப் படிவம், ஒரு பால்பாயிண்ட் பேனா, நான்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். நரம்பின் மேலுறை கெட்டு, காலும் கண்ணும் சொன்ன பேச்சைக் கேட்காது. அது வந்தவர்களின் 'வாழ்க்கைத் தர'த்தை அளக்கும் பொறுப்பை, புள்ளியியல் படிக்கும் என்னிடம் டாக்டர் ஈஸ்வரமூர்த்தி ஒப்படைத்தார். நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே வாங்கினால் இலவசச் சக்கர நாற்காலி. அதாவது, ஃபெயிலானால்தான் பரிசு. இதை நோயாளியிடம் மூச்சு விடக் கூடாது; விட்டால் விஞ்ஞானம் கெட்டுவிடும்.

காந்திபுரத்தில் பஸ் ஏறிச் சரவணம்பட்டியில் இறங்கினேன். நோயாளிகள் பட்டியலில் முதலில் இருந்த புவனா அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. கதவு வரை வந்து சேர அவருக்கு நான்கு நிமிடம் ஆனது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"வாங்க கண்ணு, வெயில்ல வந்திருக்கறீங்க. காப்பி குடிச்சுப்போட்டு எழுதலாமுங்க."

சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனார். சுவர் நெடுக, இடுப்புயரத்தில், கை பட்டுப் பட்டு ஒரு கறுப்புக் கோடு. அதற்கும் கட்டம் இல்லை. காப்பி அரை டம்ளராக வந்து சேர்ந்தது. மீதி வழியெல்லாம் சிந்தியிருந்தது.

"நடக்கச் சிரமம் உண்டுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒரு மைல் நடப்பீங்களா?"

"எதுக்குங்க நடக்கோணும்? அதான் டவுன் பஸ் வருதுங்களே!"

"களைப்பு?"

"உங்களுக்குத்தான் கண்ணு மூஞ்சியே வாடிக் கெடக்குது."

"அக்கா, உள்ளதைச் சொல்லுங்க" என்று விஞ்ஞானத்தைக் கொஞ்சம் கெடுத்தேன்.

"ஊடு தேடி வந்த புள்ளகிட்ட நோவைச் சொல்லி அழுவாங்களா? காலேசுல உங்களுக்கு நல்ல மார்க்கு வரோணுமில்லீங்க?"

பரீட்சை எனக்கென்றே நினைத்திருக்கிறார்! நூறு வந்தது.

"முழுசாப் போட்டாக் கண்ணு பட்டுருமுங்க. ரெண்டு கொறச்சுக்கங்க."

அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பார்த்த பதினேழு பேரும் தொண்ணூறைத் தாண்டினார்கள். மரியாதைக்காகப் பொய் சொல்லும் இந்த ஊரை நினைத்து, கடைசி நாள் திரும்பும் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். நானோ நவீன மனிதன். 'படிவத்தைக் கிழியுங்கள், அந்தச் சுவரை வந்து பாருங்கள்' என்று டாக்டரின் முகத்துக்கு நேரே சொல்வதாகச் சபதமும் செய்தேன்.

டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். தன் ஃபிளாஸ்க்கிலிருந்து தானே காப்பி ஊற்றினார்.

"சராசரி தொண்ணூத்தாறு தம்பி! ஒருத்தருக்கும் நாற்காலி தேவைப்படல பாருங்க. நாற்காலியத் திருப்பி அனுப்பீரலாமுங்களா? நம்ம படிவம் எப்படி? உள்ளதைச் சொல்லோணும்."

சுவர் நினைவுக்கு வந்தது. கையில் இருந்த டம்ளர் நிறைந்திருந்தது.

"அருமைங்க சார்."

"நூத்துக்கு எத்தனை போடலாமுங்க?"

"தொண்ணூத்தெட்டுங்க சார்" என்றேன்.

முழுசாகப் போட்டால் கண் பட்டுவிடும்.