பட்டியலில் இல்லாத ஓட்டம்

மனித குலம் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகக் கண்ட மாபெரும் சாதனை, கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஈஸ்வரபாண்டி தம் வீட்டு வாசலில் ஒட்டிய 'நாய்கள் உடற்பயிற்சி அட்டவணை'. லேபரடாருக்கு ஒரு மணி நேரம், பக்குக்கு இருபது நிமிடம், ஹஸ்கிக்குக் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. கையெழுத்து: தலைவர், நாய் நலச் சங்கம். தலைவர் அவரேதான்.

அதை அமல்படுத்தும் பொறுப்பு, அந்த வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவாசிக்கு வழங்கப்பட்டது. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"மொதலாளி, நம்ம செவலைக்கு எம்புட்டு நேரம் போட்டிருக்கீக?"

செவலை, வாசலில் கட்டிக் கிடந்த கோம்பை இன நாய். சங்கிலி எட்டும் தூரத்துக்கு மண்ணை வட்டமாகத் தேய்த்து வைத்திருந்தது.

"அது நாட்டு நாய்ப்பா, பட்டியல்ல வராது. குலைக்குதுல்ல, அதுவே எக்சர்சைஸ்தான்."

இவ்வளவு 'அறிவியல்' பேசுகிறவரிடம் எதிர்வாதம் எதற்கு? அம்மாவாசி ஹஸ்கியை அவிழ்க்கப் போனார்.

முதலாளியின் செல்லமான அந்த ஹஸ்கியின் பெயர் பிரின்ஸ். அதன் கழுத்துப் பட்டையில் காலடி எண்ணும் கருவி. எண்ணிக்கை நேரே முதலாளி செல்லுக்குப் போய்விடும். பனிநாட்டு இனமான பிரின்ஸ், முதல் நாளே நூறு அடி நடந்து, நாக்கு தள்ளி, ரோட்டில் படுத்துவிட்டது. அம்மாவாசி தூக்கிக்கொண்டு வந்தார். அன்று உடற்பயிற்சி பெற்றவர் அவர்தான்.

மறுநாள் முதலாளி குடோனுக்குப் போனதும் அவர் ஒரு 'நிர்வாகச் சீர்திருத்தம்' செய்தார். பட்டை செவலை கழுத்துக்கு மாறியது. பிரின்ஸ் ஏசி ரூமில் தூங்கியது. செவலையோ திராட்சைத் தோட்டத்து வரப்பில் பறந்தது.

"ஏலே, மெதுவாப் போலே!" என்று கத்திய அம்மாவாசிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்துச் சங்கத்தின் விழா. 'சிறந்த ஓட்டக்கார நாய்' பதக்கத்தைப் பிரின்ஸ் மேடைக்கு உருண்டு வந்து பெற்றுக்கொண்டது. ஈஸ்வரபாண்டி மைக்கைப் பிடித்தார்.

"இன்னொரு உண்மையும் நிரூபணமாயிருக்கு. எங்க செவலைய அவுத்தே விட்டதில்ல. ஆனா எம்புட்டுத் திடமா இருக்கு! ஆக, நாட்டு நாய்க்கு ஓட்டமே தேவையில்ல. அதுக்குப் பூட்டு வச்ச புதுச் சங்கிலி வாங்கியாச்சு. சாவி எங்கிட்ட இருக்கும்."

வேலை போனாலும் போகட்டும் என்று அம்மாவாசி எழுந்தார்.

"மொதலாளி, ஓடுனது பிரின்ஸ் இல்ல. செவலைதான்."

ஈஸ்வரபாண்டி பையிலிருந்து அட்டவணை நகலை எடுத்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு கனிவோடு கேட்டார்:

"பட்டியல்லயே இல்லாத நாயி எப்படிப்பா ஓடும்?"

நாட்டு நாய்க்கு ஓட்டம் தேவையில்லை என்ற தீர்மானம் பலத்த கைதட்டலோடு நிறைவேறியது. அதை அமல்படுத்தும் பொறுப்பும் அம்மாவாசிக்கே வழங்கப்பட்டது. புதுச் சங்கிலியோடு வந்த அவரைக் கண்டதும் செவலை, ஓடப்போகிறோம் என்று வாலை ஆட்டிக்கொண்டு கழுத்தை நீட்டியது.