ஆனியில் விதைத்த வாத்தியார்

சிங்காநல்லூர்,
ஆனி 10.

அன்புள்ள தங்கை ஜெனிதாவுக்கு, அண்ணன் பிரகாசம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அண்ணி ரூத்தும் சுகம். அவளுக்கு முழங்கால் நீங்கலாக, எனக்கு மனசாட்சி நீங்கலாக. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். காடு எப்படியிருக்கிறது என்று போனில் மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் இருந்தது, அம்மணி.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, பெனியேல் குடியிருப்பில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டை, உன் பாதியையும் சேர்த்து, போன வருஷம் நான் கெடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் வரும், மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்பும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன். அப்படிப்பட்டவன் ஓய்வுபெற்ற ஜோரில், ஆனி மேகத்தை அண்ணாந்து பார்த்து மயங்கி, ஜேசிபி வைத்துக் கிளுவை முள்வேலியைப் பிடுங்கிப்போட்டு, மாடு மேய்ந்துகொண்டிருந்த புல்லையெல்லாம் உழுது, மக்காச்சோளம் விதைத்தேன். மழை வரவில்லை. காற்று வந்தது. வேலியும் இல்லை, மண்ணைப் பிடித்துக்கொள்ளப் புல்லும் இல்லை. நம் செம்மண் விதையோடு கிளம்பிப்போய், பக்கத்துக் காட்டு மருதாசலம் களத்தில் காயப்போட்டிருந்த கொப்பரைமேல் படிந்தது. நான் சண்டையை எதிர்பார்த்தேன். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க காடு எங்க களத்துக்கு வந்துருச்சுங்க. எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?"

திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். அதன்பிறகு பத்து மாதம் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம் போன மாதம் பெனியேல் போதகர் டேவிட்சன் ஐயர் கூப்பிட்டனுப்பினார். குடியிருப்புக்கு நூற்றிருபத்தைந்தாவது வருஷமாம், ஆராதனையில் வாசிக்க வரலாறு எழுத வேண்டுமாம். கோயில் அலமாரியிலிருந்த பழைய அறிக்கைகளை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மணி, அதில் நான் என்னையே கண்டேன். பேர்தான் வேறு, குடியிருப்பை நிறுவிய வெள்ளைக்கார மிஷனரி வில்மட் துரை.

1901இல் கூலி வேலை செய்த இருபது குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த புண்ணியவான் அவர், அதை மறுக்கக்கூடாது. ஆனால் அவர் ஊரில் ஜூனில் மழை பெய்யும் போலிருக்கிறது. வந்த மறு வருஷமே முள்வேலி வீண் என்று வெட்டச் சொல்லி, புல்லை உழச் சொல்லி, ஆனியில் கோதுமை விதைக்கச் சொல்லியிருக்கிறார். "இந்த ஜனங்கள் சோம்பேறிகள், ஐப்பசி வரட்டும் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். கோதுமை காற்றோடு போனது. அடுத்த பக்கத்தில் நம் பாட்டனின் அப்பா சாமுவேல் வருகிறார். கட்டளையை மீறி, விதைச் சோளத்தை ஒளித்துவைத்து, ஐப்பசி மழையில் சோளமும் கொள்ளும் விதைத்ததற்காக ஒரு வருஷம் அவரைத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்காமல் விலக்கிவைத்தார்களாம். அதற்கடுத்த அறிக்கையில் ஒரே வரி: "அவ்வருஷம் குடியிருப்பு முழுவதும் தேவகிருபையால் சோளம் தின்று பிழைத்தது." யார் விதைத்த சோளம் என்று எழுதவில்லை.

அப்பா ஏன் கோயிலில் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தார் என்று நாம் பேசிக்கொள்வோமே, நினைவிருக்கிறதா? தன் தாத்தா விதை திருடி விலக்கப்பட்டவர் என்றுதான் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாகிறவரை அதை நம்மிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. அந்த அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரூத் வந்து காப்பி ஆறிப்போச்சு என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

போன ஞாயிறு அந்தப் பக்கங்களை அப்படியே வாசித்தேன். துரையைப் புகழ வேண்டிய இடத்தில் புகழ்ந்தேன். வாசித்து முடித்ததும் ஐயர் பீடத்திலிருந்து இறங்கிவந்து, "சாமுவேல் குடும்பத்துலருந்து மொதல்ல வாங்க" என்று திருவிருந்துக்கு அழைத்தார். ரூத்துதான் அந்த முழங்காலோடு என்னைக் கைப்பிடித்து முன்னால் கூட்டிப்போனாள். நீயும் இருந்திருக்கலாம்.

அந்த வேகத்தில் நான் வாசலில் நின்று பிரசங்கமே செய்துவிட்டேன். இரண்டு வருஷமாகச் சித்திரையில் பெய்த கோடைமழையைப் பார்த்து ஆசைப்பட்டு, இந்த ஆனிக்கு விதை வாங்கி உழுதும் வைத்திருந்த ஏழு குடும்பங்களிடமும், விழாவுக்கு வந்திருந்த மருதாசலத்திடமும், மண்ணும் காற்றும் மாறாது, சாமுவேல் சொன்னதைக் கேளுங்கள், ஐப்பசிவரை பொறுங்கள் என்றேன். வாத்தியார் சொன்னால் சரி என்று எல்லாரும் விதையைக் கட்டிவைத்துவிட்டார்கள். நம் காட்டைச் சுற்றிக் கிளுவைக் கிளைகளைப் போத்தாக வெட்டி நட்டு, புல்லை மறுபடி வரவிட உன் சம்மதம் வேண்டும். உன் பங்கில் கேட்காமல் கை வைத்ததற்கு மன்னிப்பும் வேண்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. உன் வீட்டு அடுப்பும் நெஞ்சும் குளிர்காலத்திலும் அணையாதிருக்க ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பிரகாசம்

பின்குறிப்பு: இதை எழுதிவைத்து நான்கு நாளாகியும் தபாலில் சேர்க்க மனம் வரவில்லை. பெனியேலில் மூன்று நாளாக அடைமழை. ஆனியில் இப்படிப் பெய்து யாரும் பார்த்ததில்லையாம். ஏழு வீட்டிலும் விதை மூட்டையில் இருக்கிறது. சற்றுமுன் மருதாசலம் போன் செய்தார். கோபமே இல்லை. "வாத்தியாரே, காடெல்லாம் தண்ணி நிக்குதுங்க. இதுக்கு உங்க பாட்டனாரு ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?" என்றார். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.