"ஊசியைப் போட..." என்றதோடு நின்றுபோன போன்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
11.10.2007

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அமலன் அவர்களுக்கு மாமனார் இஞ்ஞாசி எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் ஆண்டவர் அருளால் சுகம். நீங்களும் என் மகள் ஷைனியும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

நான் மேலாளராக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஜூனில் வந்து, வாசல், நடு வராண்டா, பிரசவ அறை என மூன்று இடங்களில் போனுக்கு சிக்னல் தரும் வெள்ளைப் பெட்டிகளை மாட்டிவிட்டு, "ஒயரில்லாத போன்ல பேசிக்கிட்டே நடக்கலாம் மாமா, அது தானா ஒரு பெட்டிய விட்டு அடுத்ததப் பிடிச்சுக்கும்" என்றீர்கள். நம்பி, பழைய இன்டர்காமைக் கழற்றி எறிந்தேன். நேற்றுக் காலை அய்யலூர் ஜீவிதாவுக்குப் பிள்ளை பிறக்கும் நேரம். வாசலருகே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பிரிஸ்கில்லாவிடம் போனில் பேசியபடியே நர்ஸ் ஆனந்தமேரி பிரசவ அறைக்கு நடந்தார். "சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு பிரஷர் கூடுதலா இருக்கு. பிள்ள பிறந்ததும் வழக்கமாப் போடுற ஊசியப் போட..." அவ்வளவுதான், நடு வராண்டாவில் போன் செத்துவிட்டது. போடணுமா, போடக்கூடாதா? ஆனந்தமேரி ஊசியும் கையுமாக நின்று, "சார், ஓடிப்போய்க் கேட்டுட்டு வாங்க!" என்று அலற, அறுபத்திரண்டு வயதில், தேய்ந்த முட்டியோடு, நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவந்த பேகம்பூர் சைனம்புவின் டிபன் கேரியரைத் தட்டிவிட்டு, அவர் திட்டத் திட்ட ஓடினேன். "போடக்கூடாதுன்னுதான் சொன்னேன்!" என்று டாக்டர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். உங்கள் தயவால் அல்ல. உங்களைக் கூப்பிட்டுக் கேட்டால், "எப்ப மாறணும்னு போன்தான் முடிவு பண்ணும் மாமா. பழைய சிக்னல் நல்லா மங்குற வரைக்கும் விடாது. அதுக்குள்ள அடுத்த பெட்டி எட்டணும்" என்கிறீர்கள். போன் முடிவு பண்ணுமாம்! இங்க மேலாளர் நானா, அதுவா? கம்ப்யூட்டர் படிச்ச மாப்பிள்ளைன்னு அம்புட்டுப் பேருகிட்டயும் பீத்துனேனே, எனக்கு வேணும்! ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வந்து மூணையும் கழட்டிட்டுப் போங்க. இல்லேன்னா கிறிஸ்துமஸுக்கு இந்த வாசப்படி மிதிக்க வேணாம்.

ஷைனிக்கு என் ஆசீர். உங்களுக்கும், முறைக்காக.

இப்படிக்கு,
கொதிப்படங்காத
இஞ்ஞாசி

பி.கு.: உறையை ஒட்டும்போது எலக்ட்ரீஷியன் அப்துல் லத்தீப் வந்து, "சார், நடு வராண்டா பெட்டிக்குக் கரண்டே வரலையே, பிளக்க யாரு பிடுங்குனது?" என்றார். ஜெபமாலை மாதம் என்று மாதா சுரூபத்துக்கு சீரியல் லைட் போட, திங்கட்கிழமை நான்தான் பிடுங்கினேன். திரும்பச் சொருகிவிட்டு, பேசிக்கொண்டே நடந்து பார்த்தேன். ஒரு எழுத்துகூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், அத்தை நாட்டுக்கோழி சொல்லி வைத்திருக்கிறாள். ஆனந்தமேரி கேட்டால் மட்டும், பெட்டியில்தான் கோளாறு என்று சொல்லிவிடுங்கள்.